ஒரிஜினல் ஹார்லன்

ஜனவரி 4, ஞாயிறு

இன்று காலை ஹார்லனின் தரையில் என் கால் புகுந்துவிட்டது. உள்ளே கிடந்த மிதியடியை எடுத்து உதறலாம் என்று ஒரு காலைத் தூக்கி வைத்தேன். அது செருப்போடு நேராக ஷெட்டின் சிமெண்டில் போய் நின்றது. காருக்குள் ஏறியும் பூமியை விட்டுப் பிரியாதவள் கோயமுத்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மேலே மட்டும் என்ன மினுமினுப்பு! ரத்தச் சிவப்புப் பெயிண்ட், முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போல பம்பர். அடியில் முழுக்கச் சொத்தை. ஸ்குரூடிரைவரின் பிடியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் பல்லைத் தட்டிப் பார்த்த கைக்குச் சத்தமே போதும். கதவுக்கு அடியில், சக்கரத்துக்கு மேலே, டிக்கியில் என்று தட்டிய இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

இது அவருடைய கார். அவர் என்றால் என் கணவர் அர்த்தநாரி. முந்தின வருஷம் ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். பம்ப்செட் ஃபவுண்டரி நடத்தினார் என்பதைவிட ஹார்லன் வைத்திருந்தார் என்று சொன்னால்தான் ஊரில் பலருக்குத் தெரியும். 1964-ஆம் வருஷத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. பெயிண்டைத் தவிர எதுவுமே மாறாத ஹார்லன் தென்னிந்தியாவில் இது ஒன்றுதான் என்று அவர் ஆரம்பித்த பழங்கார்ச் சங்கம் சான்றிதழே கொடுத்திருக்கிறது. அப்போது தலைவராக இருந்து அதில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

ஜனவரி 9, வெள்ளி

பாடியைச் சரிசெய்ய மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் ஆள் நாலு வருஷம் ஆகும் என்றார். இரண்டாம் ஆள் சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார். மூன்றாம் ஆள் காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

பூனாவில் ஒரு கம்பெனி இந்த மாதிரிப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே கிட் விற்கிறது. இரும்புக் குழாயில் ஒரு சட்டம், அதன்மேல் மாட்ட ஃபைபர் பாடி. பழைய காரிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், அச்சு எல்லாவற்றையும் கழற்றி இதில் பொருத்திக்கொள்ள வேண்டியது நம் பாடு. படத்தில் பார்த்தேன், மூக்கு நீண்டு, பின்னால் சட்டென்று குட்டையாக முடிகிறது. வெட்கமில்லாத அழகு. ஆர்டர் போட்டுவிட்டேன்.

மெல்போர்னிலிருந்து தாரணி பேசினாள்.

"எதுக்கும்மா இந்த வயசுல?"

"பொழுது போக வேண்டாமா? கிளினிக்கே வாரத்துல மூணு நாள்தான்."

"அப்பா காரும்மா அது."

அது எனக்கும் தெரியும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கியது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

ஜனவரி 22, வியாழன்

லாரியில் கிட் வந்து இறங்கியது. எதிர் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியா என்று கேட்டார்.

வெல்டிங்குக்கும் பளு தூக்கும் வேலைக்கும் உக்கடத்திலிருந்து காஜா பாய் வருகிறார். அவருடைய அத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பழக்கம். எதைக் கேட்டாலும் "நாளைக்கு முடிஞ்சுருமுங்க டாக்டரம்மா" என்பார். அந்த நாளை எப்போது என்பது அவருக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ள விஷயம். ஆனால் வேலை சுத்தம், கோபம் வராது, என் வடையை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். இதற்குமேல் ஒரு மனிதரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று சங்கத்தின் கருத்துச் சுற்று எங்கள் ஷெட்டில் நடந்தது. யாரும் கூப்பிடவில்லை. செய்தி பரவியதும் தானாகவே வந்துவிட்டார்கள்.

கருத்துச் சுற்று என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு ஏதாவது ஒரு உறுப்பினர் வீட்டில் கூடுவார்கள். வண்டியைச் சுற்றி நின்று, ஒருவர் பாக்கியில்லாமல் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரர் நடுவில் வாயே திறக்கக்கூடாது. காபி கொடுக்கலாம். எல்லாரும் முடித்தபின் "நன்றி" என்று மட்டும் சொல்லலாம். இந்த விதியை அவர் ஏன் அவ்வளவு ரசித்தார் என்பது இன்று காபித் தட்டோடு நின்றபோது புரிந்தது. நான் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் இருப்பது எதிராளியின் வேலை என்றே பழகிவிட்டேன்.

கருத்துகள், வந்த வரிசையில்:

கர்னல் பெலியப்பா, குன்னூரிலிருந்து இதற்கென்றே இறங்கி வந்தவர்: "மேடம், திஸ் இஸ் மர்டர். நான் ரெண்டு யுத்தம் பாத்தவன். இதைப் பாக்க முடியல."

பிரஜித் என்ற யூடியூப்காரர், செல்போனை ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டு: "கய்ஸ், ஒரு ஹார்லனோட கடைசி நாள். கிட் கார்னாலே டூப்ளிகேட்தான். ஆனா செம லுக் கய்ஸ்."

மூன்றாமவர், கிட்டே வாங்குவதென்றால் பூனா கிட் வாங்கக்கூடாது என்றார். நான்காமவர், பூனா கிட் பரவாயில்லை, ஆனால் மஞ்சள் நிறம் வேண்டாம் என்றார். நான் மஞ்சள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாமவர் துருப்பிடித்த தரையை அப்படியே கண்ணாடி போட்டு வைத்திருக்கலாம் என்றார். ஆறாமவர் காபியில் சர்க்கரை தூக்கல் என்றார்.

கடைசியில் இப்போதைய தலைவர் தண்டபாணி. மில்காரர், என் கணவரின் கல்லூரித் தோழர். கல்யாணத்தன்று தொட்டு என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். மெல்லத்தான் பேசினார்.

"கட்டோணும்னு ஆசப்பட்டுட்டீங்க, கட்டுங்க அம்மிணி. ஆனா ஓட்டறது மட்டும் வேற ஆராச்சும் ஓட்டட்டுமுங். உங்களுக்கு எதுக்குங் அது மறுக்கா?"

பழைய கமிட்டி ஆட்கள் மூன்று பேர் உடனே தரையைப் பார்த்தார்கள். புருஷனை இழந்தவளிடம் எல்லாரும் தரையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஒரு வருஷமாகப் பழகிவிட்டது.

கிளம்பும் முன் காஜா பாயிடம் கடைசியாக ஒரு தடவை இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். கர்னல் பானெட்டருகில் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டீங்களா? இது இங்கிலாந்து. இந்தச் சத்தத்தை இந்தியாவுல பண்ண முடியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானுமே ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டேன்.

"நன்றி" என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் நம்பரை இன்னும் எடுக்கவில்லை. அந்தப் போன் என்னிடம்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நினைத்து எனக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். "அர்த்தநாரி இருந்திருந்தால் நடக்குமா?" என்று ஒருவர். அவர் இருந்திருந்தால் நடக்காதுதான். இதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.

மற்றவர்கள் கருத்து எனக்கு ஒரு பொருட்டே கிடையாது. படித்து முடிக்க மதியம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 11, புதன்

ஃபைபர் பாடி அச்சிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ஓரமெல்லாம் பிசிறு, இரண்டு பாகம் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி. காஜா பாய் கவலையோடு தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல்செட் லேபிலிருந்து வரும்போது இப்படித்தான் வரும்.

பிசின் கலந்தேன், நிரப்பினேன், காயவிட்டு அரம் போட்டேன். கிளினிக்கிலிருந்து சின்ன மெஷினைக் கொண்டுவந்து மூலைகளை இழைத்தேன். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவள் நிமிர்ந்தபோது காபி ஆறி ஏடு கட்டியிருந்தது. ஹெட்லைட் குழி இரண்டும் அச்சாக உட்கார்ந்துவிட்டன. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

காஜா பாய் இன்று கேட்டார்: "டாக்டரம்மா, இந்த வண்டிய நீங்க ஓட்டிருக்கீங்களா?"

இல்லை. முப்பது வருஷமாக என் சின்னக் காரை அவினாசி ரோட்டு நெரிசலில் ஒரு கீறல் படாமல் ஓட்டுகிறேன். ஹார்லனில் மட்டும் எனக்கு இடப்பக்க இருக்கைதான். கேட்காமலும் இல்லை. "இது ஒரிஜினல் இன்ஜின் பூங்கோதை, பழகாத கை பட்டாப் போயிரும். அப்பறம் உலகத்துல எங்கயும் கெடைக்காது" என்பார். நியாயம்தானே. ஒவ்வொரு வருஷமும் ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் மடியில் முறுக்கு டப்பாவோடு போய்வந்தேன். காற்று நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்ஜினை இறக்கினோம். இன்று எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 21, சனி

எழுத இருக்கிறது. நேற்று கை வரவில்லை.

இறக்கிய இன்ஜினை மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரஷ்ஷால் கழுவிக்கொண்டிருந்தேன். மேல்மூடியில் ஹார்லன் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருக்கும். பானெட்டைத் திறந்தால் எல்லாரும் பார்ப்பது அந்த மூடியைத்தான், கர்னல் உட்பட. மூடிக்குக் கீழே, யார் கண்ணும் போகாத பக்கத்தில், கறுப்புப் பெயிண்ட் தடிமனாக இருந்தது. தேய்க்கத் தேய்க்க வார்ப்பு எழுத்துகள் வந்தன. இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் இல்லை. நம்மூர்க் கம்பெனி ஒன்றின் பெயர். ஒரு காலத்தில் பால் வேன்களில் இருந்த இன்ஜின். ஹார்லன் மூடி அதில் நேராக உட்காராது என்பதால் நடுவில் ஒரு தகடு வெட்டி வைத்திருந்தார்கள்.

இன்ஜின் நம்பர் இருக்கும் இடத்தை அரம் போட்டு அழித்து, புது நம்பர் குத்தியிருக்கிறது. நாலாவது எண் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. அவசரத்தில் செய்த வேலை.

சொத்தைப் பல்மேல் தங்க மூடி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு யாருடைய பல்லையோ வைத்து அதன்மேல் தங்க மூடி போட்டதை இப்போதுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 23, திங்கள்

காஜா பாயிடம் நேராகக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"எங்க அத்தா மாத்துனதுங்க. ரெண்டாயிரமாவது வருசத்துல. ஐயா தனியா வால்பாறை போயிட்டு வரைல ஆயில் இல்லாம ஓட்டி இன்ஜின் ஜாம் ஆயிருச்சுங்க. லாரில ஏத்திட்டு வந்தாரு. நான்தான் எறக்குனேன். ஆராருக்கும் சொல்ல வேண்டாம்னாரு. உங்களுக்குமா சொல்லல?"

எனக்குமா சொல்லவில்லை!

அந்த நாள் நினைவிருக்கிறது. நான் ஈரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் முகாமில் இருந்தேன். திரும்பி வந்தபோது ஷெட் காலி. பெயிண்டுக்குப் போயிருக்கிறது என்றார். இரண்டு மாதம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். அவருக்குப் பிடித்த பெயிண்ட் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டு ரசம் வைத்தேன்.

ஆக, அதற்குப் பிறகு நான் தொட்டால் போய்விடும் என்று அவர் காப்பாற்றியது ஒரு பால் வேன் இன்ஜினை. ஊரில் எந்த டிரைவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டிய இன்ஜினை. என் கை மட்டும் ஆகாது.

கோபம் வருகிறது. செத்தவர்மேல் கோபப்படுவதில் ஒரு சங்கடம், அவர் பதிலுக்குக் கத்த மாட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கர்னல் முன்மொழிந்து, பிரஜித் வழிமொழிந்தது. போனில் வாசித்துக் காட்டினார்கள்.

ஹார்லனின் பாடி போனது போகட்டும். "உயிர்" போகக்கூடாது. ஆகவே அந்த ஒரிஜினல் இன்ஜினை நான் சங்கத்துக்குத் தர வேண்டும். தண்டபாணியின் மில் வளாகத்தில், கிரானைட் மேடையில், கண்ணாடிக் கூண்டுக்குள், நிறுவனர் அர்த்தநாரி நினைவாக வைக்கப்படும். என் கிட் காருக்கு வேறு ஏதாவது சாதாரண இன்ஜின் அவர்களே வாங்கித் தருவார்கள், "ஒரு பழைய வேன் இன்ஜின் போதுமே."

போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை. காஜா பாய் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மார்ச் 4, புதன்

தாரணிக்கும் தீர்மானம் போயிருக்கிறது.

"குடுத்துரும்மா. அப்பாவோட ஞாபகமா அதாவது இருக்கட்டும். உனக்கு எந்த இன்ஜினா இருந்தா என்ன?"

"யோசிக்கறேன்."

"அப்பா அதை எவ்வளவு கண்ணா பாத்துக்கிட்டாரு. உனக்கே தெரியும்."

எனக்கே தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

தர முடியாது என்று தண்டபாணிக்குச் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. கண்ணாடிக் கூண்டில் வைத்தால் நாலு பக்கமும் பார்ப்பார்கள். நான் துடைத்துக் கண்டுபிடித்ததை எவனாவது துடைக்காமலே கண்டுபிடிப்பான். அவர் "சரிங் அம்மிணி, நான் பாத்துக்கறனுங்" என்றார். அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார் என்று நினைக்கவில்லை.

மற்றவர்கள் விடவில்லை. பிடிவாதக்காரி, நன்றி கெட்டவள், பணத்துக்கு வெளிநாட்டில் விற்கப் பார்க்கிறாள். இது மதியம்வரை வந்த கணக்கு.

ஒரே ஒரு வரி போதும், இத்தனை பேர் வாயும் அடைத்துவிடும். ஆனால் அந்த வரியைச் சொன்னால் அவர் பெயர் போய்விடும். ஊரார் வண்டியில் ஒரு திருகாணி மாறியிருந்தாலும் "டூப்ளிகேட்" என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர். சங்கத்திலிருந்தே இரண்டு பேரை அதற்காக வெளியேற்றியவர். தாரணிக்கோ அவர் அப்பா மட்டும் இல்லை, கோயில்.

இந்த ஊரில் யார் யார் சிரிப்பது சொந்தப் பல்லில், யார் யார் சிரிப்பது நான் கட்டிய பல்லில் என்று எனக்குத் தெரியும். ஒருத்தர் பெயரையும் இதுவரை வெளியில் சொன்னதில்லை. சொன்னால் நான் டாக்டரில்லை. அவரையும் என் பேஷண்டுகளில் ஒருவராக வைத்துக்கொள்கிறேன். கசப்பாகத்தான் இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

காஜா பாயின் "நாளை" இன்று வந்தது.

இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. பாடிக்கு மயில் கழுத்து நீலம் அடித்தாயிற்று. அந்த ஹார்லன் மூடியைப் போடச் சொல்லி எடுத்துவந்தார். வேண்டாம் என்றேன். பால் வேன் மூடியைத் தேடி வாங்கிவரச் சொல்லிப் போட்டேன். மேலே ஒரு துணியைப் போர்த்திப் பானெட்டை மூடினேன். காருக்காவது உண்மை தெரியட்டும்.

காம்பவுண்டுக்குள்ளேயே ஷெட்டிலிருந்து கேட் வரை ஓட்டினேன். கேட்டிலிருந்து ஷெட் வரை ரிவர்ஸ். மறுபடி கேட். கிளட்ச் கொஞ்சம் கனம், ஸ்டியரிங் கையோடு பேசுகிறது. காஜா பாய் கை தட்டினார். எனக்கு அறுபத்திரண்டு வயது என்பது கேட்டருகே ஒரு தடவை நினைவுக்கு வந்தது, திரும்பும்போது மறந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தேன். இதற்கு வேறு வார்த்தை தேடத் தேவையில்லை.

மார்ச் 29, ஞாயிறு

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், தண்டபாணியின் மில் வளாகத்தில். ரோட்டில் ஓட்ட இந்த வண்டிக்கு ஆர்.டி.ஓ. அனுமதி இன்னும் ஆகவில்லை. அதனால் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். மில்லின் உள்ரோட்டில் யார் கேட்கப்போகிறார்கள்? வண்டியை இறக்கியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கர்னல் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். முதுகாலும் கருத்துச் சொல்ல முடியும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

சுற்று ஆரம்பிக்கும் முன் தண்டபாணி என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். பாவம், மனிதருக்கு வேர்த்திருந்தது.

"அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. இன்ஜினு ஏன் தர மாட்டீங்கறீங்கன்னு எனக்குத் தெரியுமுங். அது ஒரிஜினல் இல்லீங்கறதும் தெரியுமுங்."

"எப்பிடித் தெரியும்?"

"அர்த்தநாரி அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிப்போட்டானுங். வால்பாறை ரோட்டுல நீங்க ஆசப்பட்டுக் கேட்டீங்களாமா, அவனும் மனசு கேக்காமக் குடுத்தானாமா. ஆயில் லைட்டு எரிஞ்சது தெரியாம நீங்க ஓட்டிப்போட்டீங்க. இன்ஜினு போச்சு. என்ற தோள்ல சாஞ்சு அழுதுட்டானுங். 'பூங்கோதைகிட்ட ஒரு வார்த்த கேட்ராதீங்கடா, அவ மனசொடிஞ்சு போயிருவா'ன்னு எங்க நாலு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டான். இத்தன வருசத்துல நாங்க மூச்சு உட்டிருப்பமுங்களா? அப்பேர்ப்பட்ட மனுசனுங் அவன்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இந்த நாலு பேரும் என் வீட்டில் காபி குடித்திருப்பார்கள். என்னைப் பார்த்து எத்தனை பரிவாகச் சிரித்திருப்பார்கள். அந்தப் பரிவை நான் மரியாதை என்று எண்ணி, கூட ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரமாக என் கணவர் பெயரைக் காப்பாற்றப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் பெயருக்கு ஒரு குறையும் வந்திருக்கவில்லை. போனதெல்லாம் என் பெயர்தான், அதுவும் எப்போதோ போய்விட்டது.

சுற்று நடந்தது. ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஒட்டுப்போட்டது, பொம்மைக் கார், நீலம் சரியில்லை, நீலம் மட்டும்தான் சரி. ஒரு இளம்பெண் "அழகா இருக்குங்க" என்றாள். அவளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கர்னல் திரும்பாமலே சொன்னார்: "இந்த வேஷத்துக்குள்ள அர்த்தநாரியோட இதயம் துடிக்குது. அதுக்காக மட்டும் சல்யூட்." மைக்கை என்னிடம் கொடுத்தார்கள், நன்றி சொல்ல.

பானெட்டைத் திறந்து துணியை எடுத்தேன்.

"இது பால் வேன் இன்ஜின். ரெண்டாயிரமாவது வருஷத்துல இருந்து இதுதான் இருந்தது. ஒரிஜினல் இன்ஜின் ஆயில் இல்லாம ஓடி ஜாம் ஆச்சு. ஓட்டினது என் வீட்டுக்காரர். அன்னிக்கு நான் ஈரோட்டுல இருந்தேன். ஹார்லனை நான் ஒரு நாளும் ஓட்டினதில்ல. நான் ஓட்டினதா உங்கள்ல நாலு பேருக்கு அவர் சொல்லிருக்கார். இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லிருக்கார்னு எனக்குத் தெரியாது. இதுதான் என் கருத்து. நன்றி."

யாரும் கை தட்டவில்லை. தண்டபாணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஏறி ஸ்டார்ட் செய்து மில்லை ஒரு சுற்று சுற்றினேன். பஞ்சுக் கிடங்கு, தொழிலாளர் கேண்டீன், குடோன், மறுபடி வேப்பமரம். கேண்டீன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும் கை காட்டினார்கள். அவர்களுக்குக் கருத்து ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

காலையில் குரூப்பில் வாக்கெடுப்பு. "டாக்டரம்மா சொன்னது உண்மையா?" மூன்று விடை: உண்மை. உண்மையில்லை. துக்கத்தில் பேசியது. மூன்றாவதுதான் முன்னால் போகிறது. இறந்தவர்மேல் பழி போடுவது சுலபம் என்று ஒருவர். ஆயில் லைட்டைப் பெண்கள் கவனிப்பதில்லை என்று ஒருவர், புள்ளிவிவரத்தோடு. கர்னல், தான் கேட்டது இங்கிலாந்துச் சத்தம்தான், தன் காதைத் தான் நம்புவதாக எழுதியிருக்கிறார். இன்ஜின் தீர்மானத்தை யாரும் வாபஸ் வாங்கவில்லை. தண்டபாணி எதுவும் எழுதவில்லை. மூன்று முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. நாளைக்கு எடுப்பேன்.

அவர் போனிலிருந்து குரூப்பை விட்டு வெளியேறினேன். "அர்த்தநாரி வெளியேறினார்" என்று வந்தது.

பதினொரு மணிக்குத் தாரணி. பிரஜித்தின் வீடியோவைப் பார்த்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று தயாராகத்தான் எடுத்தேன்.

"அம்மா, நிஜமா நீ ஓட்டலையா?"

"இல்லடி."

"ஒரு தடவை கூட?"

"ஒரு தடவை கூட இல்ல."

"எங்கிட்டயும் அப்படித்தாம்மா சொன்னாரு அப்பா. நான் காலேஜ் போறப்ப. 'அம்மாகிட்டக் கேட்டுராத, பாவம்'னாரு. நீ வருத்தப்படுவேன்னு நான் கேக்கவே இல்ல. இத்தனை வருஷமா ஒரு தடவை கூடக் கேக்கல."

அங்கே அவள் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அழுதேன். சங்கம் நினைத்ததெல்லாம் ஒரு பக்கம் போகட்டும். என் பிள்ளை, சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, என்னைப் பாவம் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாள். அதை அவர் செய்திருக்க வேண்டாம். மற்றதையெல்லாம் எப்படியாவது செரித்துக்கொள்வேன். இதை முடியாது.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், மே மாதம் வருகிறேன், எனக்கு ஓட்டக் கொடுப்பாயா என்று.

"வா. சாவி ஆணியில மாட்டிருக்கு" என்றேன்.